நாலு வாரத்துக்கு ஒரு அக்கா

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். உளவியலில் பட்டம் முடித்திருக்கிறார். கம்போடியாவில், பெற்றோர் இல்லாத சிறப்புக் குழந்தைகள் இருக்கும் ஒரு ஹோமில் நான்கு வாரம் தொண்டு செய்ய ஒரு நிறுவனம் கூப்பிடுகிறதாம். விமான டிக்கெட் தனி, கட்டணம் மட்டும் 1,60,000 ரூபாய். தங்க இடம், சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ். முன் அனுபவம் தேவையில்லை. பின்னால் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும் என்கிறார்கள். அப்பா நகையை அடகு வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார். “போகலாமா அக்கா?”

அக்கா என்று கேட்டுவிட்டீர்கள், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடமாகத் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை), டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடுதான் என் பிழைப்பு. நடுவில் ஐந்து மாதம் நேபாளத்தில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த நான்கு வாரப் பயணத்துக்குப் போகாதீர்கள். வெளிநாட்டுத் தொண்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் போவது, எதற்குப் போவது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் நம் டெல்டாக்காரர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. நாம் தொண்டர்களை அனுப்பிய பக்கம் இல்லை, வரவேற்ற பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அரசு உடனே தனியார் தத்தெடுப்பைத் தடுத்தது, நாகப்பட்டினத்திலேயே அரசு காப்பகமும் தொடங்கியது. நிறையக் குழந்தைகளைச் சித்தி, மாமா, பாட்டி என்று சொந்தக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கூடவே தனியார் ஹோம்களும் முளைத்தன. 2005-ல் நான் கடைசி வருட மாணவி. அப்படி ஒரு ஹோமுக்கு வந்த வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு மொழிபெயர்க்கப் போனேன்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ரொம்ப நல்லவர்கள். வெயிலில் தோல் உரிய உரிய வேலை செய்தார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம் இருப்பார்கள். போகும் அன்று அழுவார்கள், குழந்தைகளும் அழும். அடுத்த திங்கட்கிழமை புது வேன் வரும். அங்கே பேச்சு வராத ஒரு பையன் இருந்தான், எட்டு வயது இருக்கும், டவுன் சிண்ட்ரோம். முதல் குழு போனபோது மூன்று நாள் சாப்பிடவில்லை. இரண்டாவது குழு போனபோது ஒரு நாள். நாலாவது குழு வந்தபோது வேன் கதவு திறந்ததுமே ஓடிப் போய், இறங்கிய முதல் ஆளின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. “என்னை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது இவனுக்கு” என்றார். நான் அதையும் மொழிபெயர்த்துச் சமையல் அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அவனுக்கு யாரா இருந்தா என்ன” என்றார். அவர் பத்தாவதுகூடப் படிக்கவில்லை. அந்த ஹோமில் அன்று நிலைமை முழுதாகப் புரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

பிற்பாடு படித்தபோதுதான் ஆய்வாளர்களும் இதைக் கவனித்து எழுதியிருப்பது தெரிந்தது. ஆள் பார்க்காமல் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வது பாசத்தின் அடையாளம் இல்லை, பாசம் வேர் பிடிக்க இடம் கிடைக்காததன் அடையாளம். இதை உலகம் கண்கூடாகப் பார்த்த இடம் ருமேனியா. அங்கே சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த விடுதிகளில் இருந்தார்கள். ஊனமுள்ள குழந்தைகளைத் ‘திருத்த முடியாதவர்கள்’ என்று பிரித்துத் தனிக் கட்டடங்களில் கிடத்தியிருந்தார்கள். 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா மூவரும் புக்காரெஸ்ட் நகர விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து வருடக்கணக்காகக் கவனித்தார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் நன்றாகத் தேறினார்கள். விடுதியிலேயே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். விடுதியிலும் சாப்பாடு, துணி, கட்டில் எல்லாம் இருந்தன. இல்லாதது, தினமும் வரும் அதே கை.

என் அம்மா இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். நாற்றை ஒரு தடவை பறித்து நடலாம், பச்சை பிடித்துவிடும். நட்டதைப் பறித்து மறுபடி நட்டால் வேர் என்ன ஆகும்? இதற்கு மேல் விளக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

சரி, கம்போடியாவுக்கு வருவோம். உங்களுக்கு வந்த விளம்பரத்தில் ‘அனாதைக் குழந்தைகள்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த நாட்டுக் காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தது யுனிசெஃப் துணையோடு நடந்த ஆய்வில் தெரியவந்தது. சுற்றுலாப் பயணிகள் பெருகிய வருடங்களில்தான் காப்பகங்களும் பெருகின. வருகிறவர்கள் பணம் தருகிறார்கள், பணத்துக்குக் குழந்தைகள் தேவைப்படுகிறார்கள், ஏழைக் குடும்பத்திடம் போய்ப் படிக்கவைக்கிறோம் என்று கேட்டால் தந்துவிடுகிறார்கள். நேபாளத்திலும் இதே கதை. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே குழந்தைகளை அனுமதியில்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை போட்டார்கள், புதுக் காப்பகங்களுக்குப் பதிவையும் நிறுத்தினார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையே ஒரு தீர்மானத்தில் காப்பகத் தொண்டுச் சுற்றுலாவின் கேட்டைக் குறிப்பிட்டுச் சொன்னது. எல்லா ஹோமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால், நான்கு வாரத்துக்கு 1,60,000 வாங்கிக்கொண்டு, எந்த அனுபவமும் இல்லாத ஒருவரை ஊனமுள்ள குழந்தைகள் நடுவே விடும் இடம், அந்தக் குழந்தைகளை என்னவாக நினைக்கிறது என்று யோசியுங்கள்.

இந்த இடத்தில் எனக்கே ஒரு தடுமாற்றம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ‘காப்பகங்களை மூடு, குழந்தைகளைக் குடும்பத்துக்கு அனுப்பு’ என்பது சரியான வழிதான். ஆனால் எந்த நாட்டிலும் அப்படி அனுப்பும்போது முதலில் வீட்டுக்குப் போவது ஓடியாடும் குழந்தைகள். கடைசிவரை கட்டிலில் மிஞ்சுவது நம் குழந்தைகள்: உட்கார முடியாதவன், ஃபிட்ஸ் வருகிறவள், பதினாறு வயதிலும் டயப்பர் கட்டுகிறவன். எல்லோரும் கொள்கை பேசி ஒதுங்கிவிட்டால் அவர்களைப் பார்ப்பது யார்? அதனால்தான் ‘போகவே கூடாது’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. போகிறவர் என்ன கொண்டுபோகிறார் என்பதுதான் கேள்வி.

சோறு ஊட்டுவதையே எடுத்துக்கொள்வோம். விளம்பரப் படங்களிலெல்லாம் தொண்டர் ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார். எளிதான வேலை, யாரும் செய்யலாம் என்று தோன்றும். என் தொழிலில் எனக்குப் பயம் தரும் வேலை அதுதான். புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம் நாம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குப் புரையேறினால் கஞ்சி நுரையீரலுக்குள் போகிறது, நிமோனியா வருகிறது. சில குழந்தைகளுக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போகும், இருமல்கூட வராது.

மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, அண்ணாந்த வாயில் ஊற்றக் கூடாது. இடுப்பு மடங்கி, பாதம் எதிலாவது பதிந்து, தலை சற்றே முன்னால் குனிந்து உட்கார வேண்டும். நாற்காலி இல்லையென்றால் சுவர் மூலையில் இரண்டு பக்கமும் திண்டு வைத்தாலே போதும். கரண்டி முன்னாலிருந்து, வாய் மட்டத்துக்குக் கீழிருந்து வர வேண்டும். கரண்டி பட்டதும் சில குழந்தைகள் வெடுக்கென்று கடித்துக்கொள்ளும். அது அடம் இல்லை, தசை தானாகச் செய்வது. அப்போது இழுத்தால் பல்தான் உடையும், தாடை தளரும்வரை காத்திருக்க வேண்டும். விழுங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். தண்ணீரைவிடக் குழைந்த கெட்டிக் கஞ்சி பல குழந்தைகளுக்குப் பத்திரம். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். கம்போடியாவிலும் காலையில் அரிசிக் கஞ்சிதான், பபோர் என்பார்கள். கஞ்சி ஒன்றானாலும் குழந்தைக்குக் குழந்தை தொண்டை வேறு. அந்தத் தொண்டையைப் பழக ஒரு மாதம் ஆகும். உங்களுக்குக் கை பழகும்போது நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அடுத்தவர் வந்து கற்றுக்கொள்ளத் தொடங்குவார். அவர் கற்பதும் அதே குழந்தையின் தொண்டையில்தான்.

நேபாளத்துக்கு நான் 2016-ல் போனேன். பத்து வருடம் வேலை பார்த்த திமிர் இருந்தது. போன அன்றே வேலைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றேன். அந்த இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்: முதல் இரண்டு வாரம் எந்தக் குழந்தையையும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது, மிட்டாய் கொடுக்கக் கூடாது. சுவரோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் எந்தக் குழந்தை எந்த திதியின் குரலுக்குத் திரும்புகிறது என்று தெரிந்தது. திதி என்றால் அங்கே அக்கா. பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மாக்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து என் வேலை அந்தத் திதிகளோடுதான். குழந்தையைத் தூக்கித் தூக்கி அவர்கள் எல்லோருக்கும் இடுப்பு வலி. முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குவது எப்படி என்பதில் தொடங்கினேன். அவர்கள் வலி குறைந்த பிறகுதான் நான் சொன்ன மற்றதைக் காதில் போட்டுக்கொண்டார்கள். நானே குழந்தையைக் கையில் எடுத்துப் பயிற்சி கொடுத்தது ஐந்து மாதத்தில் குறைவுதான். ஒரு வருடம் கழித்து ஒரு வீடியோ வந்தது. நான் கிளம்பிய பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, பழைய திதி ஒருவர் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். என் பெயர் அதில் எங்கும் இல்லை.

மொழி என்று ஒன்று இருக்கிறது. நான் முதலில் கற்றுக்கொண்ட நேபாளிச் சொற்கள் வணக்கமும் நன்றியும் இல்லை. ‘துக்யோ’ என்றால் வலிக்கிறது, ‘புக்யோ’ என்றால் போதும். இந்த இரண்டும் தெரியாமல் ஒரு குழந்தையின் காலை நீட்டவே கூடாது. காது கேளாத குழந்தைகளோடு சைகையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சைகை மொழியும் நாட்டுக்கு நாடு வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ, புது முகமும் புது வாசனையும் மாறிய நேரமுமே போதும், ஒரு நாள் முழுக்கக் கெட்டுவிடும்.

மொழியை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் முதலில் சொல்லும் வெளிநாடு, நம் கரைக்கு எதிரே இருப்பது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள் (நடுநடுவே நின்றும் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்). வட, கிழக்கு இலங்கையில் போரும் சுனாமியும் விட்டுப்போன குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களும் பகல் நேரப் பள்ளிகளும் இருக்கின்றன. ‘நோவுதா?’ என்று கேட்டால் அந்தக் குழந்தைக்குப் புரியும். அங்கேயும் சுற்றுலா விசாவில் போய்ப் பணிசெய்யக் கூடாது. அழைக்கும் அமைப்பு அதற்குரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இது பெரும்பாலான நாடுகளுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்காத வேலையும் பல நாடுகளில் வேலைதான். “சுற்றுலா விசா போதும், கேட்டால் ஊர் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்” என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று கம்போடியா, மியான்மருக்குப் போய் இணைய மோசடிக் கும்பலிடம் மாட்டிய நம் பிள்ளைகளின் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

காசு கட்டாமல் போகும் வழிகளும் உண்டு. ஜெர்மனியில் தன்னார்வ சமூக ஆண்டு என்று ஒன்று இருக்கிறது, சட்டப்படி நடப்பது, 26 வயது வரை. 2011-லிருந்து கூட்டாட்சித் தன்னார்வப் பணி என்று வயது வரம்பில்லாத இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வருடம். மாற்றுத்திறனாளிகளின் இல்லங்கள், பள்ளிகளில் வேலை. கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் தருவார்கள். இந்தியாவிலிருந்தும் போகிறார்கள். ஆனால் ஜெர்மன் மொழி ஓரளவு படித்திருக்க வேண்டும். வியன்னாவிலிருந்து தப்பி வந்த கார்ல் கோனிக் என்ற மருத்துவர் 1940-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் அருகே தொடங்கிய கேம்ப்ஹில் சமூகங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அங்கே தொண்டர் கூடவே குடியிருப்பார், சாப்பாடும் இடமும் கைக்காசும் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டம், பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பு போன்றவை பெரும்பாலும் தொழில் தெரிந்தவர்களைத்தான் கேட்கும், வாழ்க்கைச் செலவுக்குத் தொகையும் தரும். கவனித்தீர்களா, இவை எதுவும் ‘அனாதைக் குழந்தைகளைக் கொஞ்ச வாருங்கள்’ என்று கூப்பிடுவதில்லை. நல்ல இடங்கள் ‘அனாதை’ என்ற சொல்லையே விட்டுவிட்டன. நீண்ட காலம் கேட்கும், மொழி கேட்கும், பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக எடுக்கும் போலீஸ் சான்றிதழ் கேட்கும். உங்களை இவ்வளவு சோதிக்கும் இடம்தான் குழந்தைக்குப் பாதுகாப்பான இடம்.

உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்: அங்கே ஒரு ஆயாம்மாவுக்கு எத்தனை குழந்தைகள்? இரவில் யார்? எத்தனை குழந்தைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க வருகிறார்களா? என் கட்டணத்தில் ஹோமுக்கு எவ்வளவு போகிறது? காலை 7 மணிக்கு என் வேலை என்ன? குழந்தைகளோடு படம் எடுத்துப் போடலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘தாராளமாக’ என்று பதில் வந்தால் அதுவே போதுமான பதில். நம் நாட்டில் சிறார் நீதிச் சட்டம் 2015, 74-ஆம் பிரிவின்படி காப்பகக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நம் ஊரில் பிறந்தநாள் என்று கேக்கோடு போய் வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்பவர்கள் இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

1,60,000 ரூபாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஹோமில் ஆயாம்மாவுக்கு மாதம் 9,000 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு ஆயாம்மா ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஒரே குழந்தைகளோடு இருக்கலாம். உங்கள் அப்பாவின் பணத்தைத் தானமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் நோக்கம் மேற்படிப்புதான் என்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் 2021-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஊர்மட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைநிற்பதற்கென்று ஆறு மாதப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. சென்னை அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-லிருந்து இதே வேலையில் இருக்கிறது. உள்ளூரிலேயே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள். அவர்களோடு ஒரு வாரம் சுற்ற அனுமதி கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துக் குத்தாலம் சந்துகளில் பார்ப்பது எந்தச் சான்றிதழிலும் வராது, ஆனால் நேர்காணலில் நீங்கள் பேசும்போது வரும்.

முன்பணம் 10,000 கட்டிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ரசீதில் திருப்பித் தருவது பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். தராவிட்டாலும் மீதி 1,50,000 மிச்சம்.

வியாழக்கிழமைகளில் நான் கும்பகோணம் பக்கத்து மையத்தில் இருப்பேன். வருவதாக இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், பொறுப்பாளரிடம் சொல்லிவைக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பதினொன்றரைக்கு ஊட்டத் தொடங்குவோம், அதற்கு முன்னால் வாருங்கள். மிட்டாய் வேண்டாம். தொங்கட்டானையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டு, துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு வாருங்கள், பிடித்து இழுப்பார்கள். அன்று சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.